1 கிலோவில் 0.96 மைக்ரோ கிராம் என்றால் 500 டன்னில் எவ்வளவு? 480 கிராமா, 0.48 கிராமா?

மன்னை ஆலைக்கணக்கு கேட்டது:

வணக்கம். மன்னார்குடி வட்டத்து அரிசி ஆலை ஒன்றின் பதிவேட்டுக்காகக் கேட்கிறேன். செறிவூட்டிய அரிசிக்குக் கலக்கும் மணியோடு (எஃப்.ஆர்.கே., இரும்பும் வைட்டமினும் ஏற்றிய அரிசி வடிவ மணி) ஓர் ஆய்வகச் சான்று வருகிறது. அதில் 100 கிராம் மணிக்கு இப்படிப் போட்டிருக்கிறது:

இரும்பு: 342 மில்லி கிராம்
ஃபோலிக் அமிலம்: 0.98 மில்லி கிராம்
வைட்டமின் பி12: 9.6 மைக்ரோ கிராம்

கலப்பு 1 சதவீதம். தயாராகும் அரிசி 500 டன். இந்த 500 டன்னுக்குள் ஒவ்வொரு சத்தும் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று பதிவேட்டில் ஒரு பத்தி நிரப்ப வேண்டும். பி12-க்கு எக்செல் 480 கிராம் என்கிறது. கையால் போட்டால் 0.48 கிராம் வருகிறது. நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். எது சரி, எங்கே தவறுகிறது? மைக்ரோ கிராமிலிருந்து டன் வரைக்கும் பூஜ்யம் தவறாமல் போக நிலையான வழி ஏதாவது உண்டா? ஒரு மணி நேரத்துக்கு 4 டன் ஓடும் ஆலையில் மணி விழும் அளவைச் சரிபார்ப்பது எப்படி என்றும் சொன்னால் நல்லது.

---

குடந்தை ஆய்வுமேசை:

0.48 கிராம்தான் சரி சார்.

சான்று 100 கிராமுக்குப் போட்டது. முதலில் அதைக் கிலோவுக்கு மாற்றுங்கள், எல்லாம் 10 மடங்கு: இரும்பு 3,420 மில்லி கிராம், ஃபோலிக் அமிலம் 9.8 மில்லி கிராம், பி12 96 மைக்ரோ கிராம். இவை மணியில் இருப்பவை. 1 சதவீதம் கலந்தால் அரிசியில் நூறில் ஒரு பங்கு: கிலோவுக்கு இரும்பு 34.2 மில்லி கிராம், ஃபோலிக் அமிலம் 98 மைக்ரோ கிராம், பி12 0.96 மைக்ரோ கிராம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் செறிவூட்டிய அரிசிக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு இரும்பு 28 முதல் 42.5 மில்லி கிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோ கிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோ கிராம். மூன்றும் வரம்புக்குள் இருக்கின்றன.

500 டன் என்பது 5,00,000 கிலோ.

இரும்பு: 34.2 × 5,00,000 = 1,71,00,000 மில்லி கிராம் = 17,100 கிராம் = 17.1 கிலோ
ஃபோலிக் அமிலம்: 98 × 5,00,000 = 4,90,00,000 மைக்ரோ கிராம் = 49 கிராம்
பி12: 0.96 × 5,00,000 = 4,80,000 மைக்ரோ கிராம் = 480 மில்லி கிராம் = 0.48 கிராம்

உங்கள் எக்செல்லில் 4,80,000 என்ற எண் சரியாகவே வந்திருக்கும். அது மைக்ரோ கிராம். தாளோ அதை மில்லி கிராம் என்று எடுத்துக்கொண்டு ஆயிரத்தால் வகுத்து 480 கிராம் என்று காட்டுகிறது. மேலே இரண்டு வரி மில்லி கிராமில் இருக்க, மூன்றாவது வரி மட்டும் மைக்ரோவில் இருப்பதுதான் வினை. ஒரே வாய்பாட்டை மூன்று வரிக்கும் இழுத்துவிட்டிருப்பீர்கள். அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

நிலையான வழி கேட்டீர்கள். டன்னை அடியில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது:

கிலோவுக்கு 1 மில்லி கிராம் என்றால் டன்னுக்கு 1 கிராம்.
கிலோவுக்கு 1 மைக்ரோ கிராம் என்றால் டன்னுக்கு 1 மில்லி கிராம், ஆயிரம் டன்னுக்கு 1 கிராம்.

மேலேயும் கீழேயும் ஒரே ஆயிரத்தால் பெருக்குகிறோம், அதனால் எண் மாறாது, அலகின் பெயர்தான் ஒரு படி ஏறும். 0.96 மைக்ரோ கிராம் என்றதுமே ஆயிரம் டன்னுக்கு 0.96 கிராம், ஐந்நூறு டன்னுக்கு அதில் பாதி என்று வாயாலேயே சொல்லிவிடலாம். கால்குலேட்டரே வேண்டாம்.

நம் ஆட்கள் பூஜ்யத்தைத் தவறவிடும் இடம் இன்னொன்று உண்டு. மைக்ரோ, மில்லி, கிராம், கிலோ, டன் எல்லாம் மூன்று மூன்று பூஜ்யமாக ஏறும். நாம் வாயில் சொல்லும் லட்சமும் கோடியும் ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டாக ஏறும். காற்புள்ளி விழும் இடமும் அதனால் மாறும். 1 டன் என்பது 10 லட்சம் கிராம், 100 கோடி மில்லி கிராம், 1 லட்சம் கோடி மைக்ரோ கிராம். "பத்து லட்சம், நூறு கோடி, லட்சம் கோடி" என்று வாயில் வரும்போது படி சமமாக ஏறுவது காதுக்குத் தெரியாது. ஆகவே அலகு மாற்றும் வரிகளில் மட்டும் லட்சம் கோடியை விட்டுவிட்டுப் பூஜ்யங்களை எண்ணுங்கள்: கிராமுக்கு 6, மில்லிக்கு 9, மைக்ரோவுக்கு 12. எக்செல் 1ஈ+12 என்று காட்டினாலும் இதே 12தான்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. விதியில் ஃபோலிக் அமிலத்தின் வரம்பு பி12-இன் வரம்பைப் போல நூறு மடங்கு. ஃபோலிக் 49 கிராம் என்றால் பி12 அரை கிராம் சுமாருக்குத்தான் இருக்க வேண்டும். ஃபோலிக் 49 கிராமும் பி12 480 கிராமும் ஒரே தாளில் நின்றால் பார்த்ததுமே பிழை தெரிந்துவிடும்.

---

நீடாமங்கலம் தராசு:

கணக்கை அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் எடை போடும் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு மின்னணுத் தராசின் தகட்டிலும் மேக்ஸ், மின், ஈ என்று மூன்று குறி இருக்கும். மேக்ஸ் அதன் மேல் எல்லை, மின் கீழ் எல்லை, ஈ என்பது அரசு முத்திரைச் சோதனைக்குக் கணக்கில் கொள்ளும் ஒரு எடைப் படி. லாரியை நிறுத்தி எடை போடும் எடைமேடைகள் துல்லியத்தில் மூன்றாம் வகுப்பு, அதில் கீழ் எல்லை 20 படி. ஒரு படி 10 கிலோ உள்ள மேடையில் 200 கிலோவுக்குக் கீழே எதையும் போடக் கூடாது. திரையில் எண் வரும், அதற்கு அர்த்தம் கிடையாது. லாரியோடு 16 டன் நிற்கும்போது முத்திரை இடும் சமயத்தில் அனுமதிக்கும் பிழையே 10 கிலோ கூடவோ குறையவோ. ஆகவே மணி மூட்டைகளை லாரியில் ஏற்றி மேடையில் கழித்துப் பார்த்து வரவு வைக்க வேண்டாம். பிளாட்பாரம் தராசில் மூட்டை மூட்டையாகப் போடுங்கள்.

மணி விழும் அளவு: ஒரு மணி நேரத்துக்கு 4 டன் அரிசி வெளியே வருகிறது என்றால் மணி 40 கிலோ, நிமிடத்துக்கு 667 கிராம், நொடிக்கு 11.1 கிராம். மணியை அளந்து தள்ளும் கருவியான டோசரின் வாயில் பாத்திரம் பிடித்து 60 நொடி ஓடவிட்டு எடை போடுங்கள். மூன்று தடவை பிடித்துச் சராசரி எடுங்கள். 5 கிராம் படி உள்ள தராசு போதும். 20 கிராம் படி உள்ளது வேண்டாம், 667-இல் 20 என்பது 3 சதவீதம்.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலான டோசர்கள் சுற்றுக் கணக்கில் தள்ளுபவை, எடை பார்த்துத் தள்ளுபவை அல்ல. மணியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் ஒரு சுற்றில் விழும் கிராம் மாறும். லாட் மாறும்போதெல்லாம் மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, மேல் தொட்டியில் அரிசி வற்றி வரத்து 4 டன்னிலிருந்து 3 டன்னாக இறங்கினாலும் டோசர் அதே 667 கிராமைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது கலப்பு 1.33 சதவீதம். இரும்பு கிலோவுக்கு 45.6 மில்லி கிராம் ஆகி வரம்பைத் தாண்டிவிடும்.

"1 சதவீதம்" என்பதும் "100-க்கு 1" என்பதும் ஒன்றல்ல. 1,000 கிலோ அரிசியில் 10 கிலோ மணி போட்டால் மொத்தம் 1,010 கிலோ, கலப்பு 0.99 சதவீதம். முடிவில் 1,000 கிலோ வர வேண்டும் என்றால் 990 கிலோ அரிசி, 10 கிலோ மணி. சத்துக் கணக்கில் இது சிறு வித்தியாசம். ஆனால் 500 டன்னுக்கு மணி இருப்பு 5,000 கிலோவா 4,950 கிலோவா என்று வரும்போது ஒரு மூட்டை இடிக்கும். உங்கள் ஆணையில் எந்த வாசகம் இருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

மாதிரி எடுத்துப் பொறுக்கிப் பார்ப்பவர்களுக்கு: மணி ஒன்று 20 மில்லி கிராம் என்று வையுங்கள். 50 கிராம் மாதிரியில் 0.5 கிராம் மணி, அதாவது 25 மணி. கலப்பு சரியாக இருந்தாலும் ஒரு மாதிரியில் 20 வரும், அடுத்ததில் 30 வரும். அது எண்ணிக்கையின் இயல்பு, டோசரின் குறை அல்ல. ஒரே 50 கிராமைப் பார்த்து டோசரைத் திருகிவிடாதீர்கள். 500 கிராம் எடுத்தால் 250 மணி, ஆட்டம் சுமார் 6 சதவீதமாகக் குறையும். பொறுக்கிய மணியை 0.01 கிராம் படி உள்ள தராசில் போடுங்கள்.

---

மன்னை ஆலைக்கணக்கு:

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். பத்தித் தலைப்பு "மி.கி." என்றே இருந்தது, அதன் கீழ் 9.6 அப்படியே உட்கார்ந்திருந்தது. பழைய சான்று ஒன்றை எடுத்தேன், அதில் பி12-க்கு நேரே மில்லி கிராம் என்றே அச்சாகியிருக்கிறது. அதற்கு எந்த எண்ணை எடுப்பது?

---

குடந்தை ஆய்வுமேசை:

அது அநேகமாக எழுத்துருக் கோளாறு. மைக்ரோவுக்கான கிரேக்கக் குறி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வெறும் எம் எழுத்தாக விழுந்துவிடும். மைக்ரோ கிராம் மில்லி கிராமாகப் படிக்கப்படும். கையால் எழுதும் தமிழிலும் மி.கி., மை.கி. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பதிவேட்டில் "மைக்ரோ கிராம்" என்று முழுசாக எழுதுங்கள், இடம் கொஞ்சம் போனால் போகட்டும். பழைய சான்றுக்கு நீங்களாகத் திருத்தம் போட வேண்டாம். ஆய்வகத்திடம் திருத்திய சான்று கேட்டு வாங்கி இணையுங்கள்.

பெரிய பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. எம்.டி. என்றால் மெட்ரிக் டன், எல்.எம்.டி. என்றால் லட்சம் மெட்ரிக் டன், எம்.எம்.டி. என்றால் மில்லியன் மெட்ரிக் டன். ஒரு எம்.எம்.டி. பத்து எல்.எம்.டி. சில அறிக்கைகளில் எம்.டி. என்பதையே மில்லியன் டன்னுக்குப் போடுகிறார்கள். அங்கே பத்து லட்சம் மடங்கு தவறும்.

---

நாகை தானியம்:

480 கிராம் என்ற எண்ணை முழுக்கத் தூக்கி எறிவதற்கு முன் ஒன்று பாருங்கள். பி12 தூய நிலையில் மணி தயாரிப்பவர் கைக்கு வருவது அபூர்வம். 1 சதவீதம் அல்லது 0.1 சதவீதம் வலுவுள்ள தூளாக, வேறொரு மாவில் நீர்த்து வரும். 0.48 கிராம் பி12 வேண்டும் என்றால் 1 சதவீதத் தூளில் 48 கிராம், 0.1 சதவீதத் தூளில் 480 கிராம் போட வேண்டும். ஆகவே மணி தயாரித்தவருடைய கலவைச் சீட்டில் "பி12: 480 கிராம்" என்று இருந்தால் அது தவறே அல்ல, அது தூளின் எடை. உங்கள் பதிவேட்டுக்கு வேண்டியது சத்தின் எடை.

இரும்பும் அப்படித்தான். இரும்புக்காகச் சேர்க்கும் உப்பான ஃபெரிக் பைரோபாஸ்பேட்டில் இரும்பு 25 சதவீதம் என்று வைத்தால் 17.1 கிலோ இரும்புக்கு 68.4 கிலோ உப்பு. 17.1-க்கும் 68.4-க்கும் நடுவே நான்கு மடங்குதான், பூஜ்யப் பிழை போலக் கண்ணை உறுத்தாது. அதனாலேயே இதுதான் அதிகம் நழுவும். எந்த எடை என்று கேட்காமல் எண்ணை எடுக்க வேண்டாம்.

---

வலங்கைமான் வயல்:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். மண் பரிசோதனை அட்டையில் துத்தநாகம் 0.8 பி.பி.எம். என்று இருக்கிறது. இந்த டன் கணக்கு அதற்கும் ஒத்துவருமா? ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

---

குடந்தை ஆய்வுமேசை:

தாராளமாக. பி.பி.எம். என்பதே கிலோவுக்கு மில்லி கிராம், அதாவது டன்னுக்கு 1 கிராம். வயலில் எத்தனை டன் மண் என்பதுதான் கேள்வி. மேல் 15 செ.மீ. மண் ஹெக்டேருக்கு 22.4 லட்சம் கிலோ என்று எடுப்பது வழக்கம். ஏக்கருக்கு அது 907 டன். ஆகவே 1 பி.பி.எம். என்றால் ஏக்கருக்கு 0.9 கிலோ. நம் பக்கத்து மா 100 குழி, குழி 144 சதுர அடி, மொத்தம் 33 சென்ட். மாவுக்கு 0.3 கிலோ. உங்கள் 0.8 பி.பி.எம். என்பது மாவுக்குச் சுமார் 240 கிராம் துத்தநாகம்.

அந்த 22.4 லட்சம் ஒரு பொது எண். மண்ணின் பருமன் அடர்த்தி 1.49 என்று எடுத்தது. சேறடித்த களிமண்ணில் 1.3 என்று வந்தால் ஹெக்டேருக்கு 19.5 லட்சம் கிலோதான். பதின்மூன்று சதவீதம் போல வித்தியாசம் வரும். அதனால் 240 என்பதை 239.7 என்று எழுதுவதில் பயன் இல்லை.

துத்தநாக உரமான சிங்க் சல்பேட் வாங்கும்போது பையைப் பாருங்கள். ஏக்கருக்கு 10 கிலோ என்ற பரிந்துரை 21 சதவீதத் துத்தநாகம் உள்ள ஹெப்டா ஹைட்ரேட்டுக்கு, அதில் துத்தநாகம் 2.1 கிலோ. 33 சதவீத மோனோ ஹைட்ரேட் கிடைத்தால் 6.4 கிலோ போதும். நாகை அண்ணன் சொன்ன அதே உப்பு, சத்து வித்தியாசம்தான் இது.

---

நீடாமங்கலம் தராசு:

பழைய அலகு கேட்பவர்களுக்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன், கோவில் கணக்கும் பழைய கடைக் கணக்கும் படிப்பவர்களுக்கு உதவும். 1 பலம் 35 கிராம். 40 பலம் 1 வீசை, 1.4 கிலோ. 8 வீசை 1 மணங்கு, 11.2 கிலோ. 20 மணங்கு 1 பாரம், 224 கிலோ. ஆங்கிலேயர் காலத்துச் சென்னைப் பட்டியலில் மணங்கு 25 பவுண்டு, அது 11.34 கிலோ. வடக்கே மாண்ட் என்பது 37.32 கிலோ, பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மூன்று மடங்குக்கு மேல். கலமும் மரக்காலும் இந்த வரிசையில் சேராது, 12 மரக்கால் ஒரு கலம், அது முகத்தல் அளவு. கலத்தைக் கிலோவாக்க வேண்டும் என்றால் அந்த நெல்லையே அளந்து எடை போட்டால்தான் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம் ஆலைக்கணக்கு சாருக்கு. அந்த 500 டன் சாக்கோடா, சாக்கு நீக்கியா? 50 கிலோ மூட்டையில் 10,000 சாக்கு. புதுச் சணல் சாக்கு ஒன்று 580 கிராம். 580 × 10,000 = 58,00,000 கிராம், அதாவது 5.8 டன். ஒரு சாக்கில் கண்ணுக்குத் தெரியாத எடை, மொத்தத்தில் 1.16 சதவீதம். சாக்கோடு போட்ட 500 டன் என்றால் அரிசி 494.2 டன்தான். மணியின் தேவை 58 கிலோ குறையும்.

---

நாகை தானியம்:

கொள்முதல் நிலையக் கணக்கிலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பம் (நெல் மூட்டை) 40 கிலோ, டன்னுக்கு 25 சிப்பம். நெல் 17 சதவீத ஈரத்தில் வந்து 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் பலர் 3 சதவீதம் கழிக்கிறார்கள். அது தவறு. ஈரம் தவிர்த்த பொருள் 83 பங்கு, அது அப்படியே இருக்கும், காய்ந்த பின் அதுவே 86 பங்கு. 1,000 × 83 ÷ 86 = 965 கிலோ. டன்னுக்கு 35 கிலோ போகும், 30 அல்ல. 100 டன்னில் இந்த ஐந்து கிலோ 500 கிலோவாக நிற்கும், இருப்பு குறைகிறது என்று ஆளைச் சந்தேகிக்கும் நிலை வரும்.

---

மன்னை ஆலைக்கணக்கு:

சாக்கு விஷயத்தைப் பார்த்தேன். 500 டன் என்பது சாக்கோடு போட்டதுதான். 494.2 டன்னுக்கு மறுபடி போட்டேன்: இரும்பு 16.9 கிலோ, ஃபோலிக் அமிலம் 48.4 கிராம், பி12 0.474 கிராம், மணி 4,942 கிலோ. பத்தி ஒவ்வொன்றுக்கும் அலகை முழுப் பெயரில் எழுதிவிட்டேன். டோசரை நாளைக் காலை ஓட்டம் தொடங்கியதும் 60 நொடி பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது.

---

குடந்தை ஆய்வுமேசை:

எண்கள் சரி. 60 நொடி பிடிக்கும்போது அரிசி வரத்தும் உண்மையில் 4 டன்தானா என்று அதே நேரத்தில் பாருங்கள். வெளியே வரும் வாயில் ஒரு நிமிடத்துக்கு 66.7 கிலோ விழ வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் 667 என்ற எண்ணுக்குப் பொருள்.